பழைய ராணுவ முதலுதவிப் பெட்டி: எதைத் திறக்கலாம், எதைத் தொடவே கூடாது?

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்கால முதலுதவிப் பொருள்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். அண்மையில் ஒரே லாட்டாகப் பல சாமான்கள் கிடைத்தன. கேன்வாஸ் உறைக்குள் திறக்கப்படாத ஓர் அமெரிக்க உலோக டின், ஊசியோடு கூடிய இரண்டு மார்பின் (வலிநீக்கி மருந்து) குழாய்கள், மஞ்சள் கறை படிந்த ‘தீக்காயத்துக்கு’ என்ற டப்பா, பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள் சில, ஒரு ரப்பர் கட்டுப்பட்டை, இரண்டு பிரிட்டிஷ் துணிப் பொட்டலங்கள். டின்னைத் திறந்து பார்க்கலாமா? கேன்வாஸைத் துவைக்கலாமா? இவை அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மருந்துகளை வீட்டில் வைத்திருப்பதில் சிக்கல் உண்டா?

பதில்: உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொண்டு, அந்த மஞ்சள் கறை படிந்த டப்பாவிலிருந்து தொடங்குகிறேன். அது இப்போது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். மூடியைத் திருக வேண்டாம், குலுக்க வேண்டாம், இடம் மாற்ற வேண்டாம். அந்த அறைக்குள் குழந்தைகள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் பிக்ரிக் அமிலம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1930-களைத் தாண்டியும் தீக்காயத்துக்கு அதன் கரைசலில் நனைத்த காஸ் எனும் மெல்லிய வலைத்துணியைப் போடும் வழக்கம் இருந்தது. ராணுவப் பெட்டிகளில் மட்டுமல்ல, தொழிற்சாலை, ரயில்வே முதலுதவிப் பெட்டிகளிலும் அது இருந்தது. இதே பொருளைத்தான் பிரிட்டிஷார் லிடைட் என்றும் பிரெஞ்சுக்காரர்கள் மெலினைட் என்றும் பெயரிட்டுப் பீரங்கிக் குண்டுகளில் நிரப்பினார்கள். ஈரமாக இருக்கும்வரை அது அமைதியாக இருக்கும். பல பத்தாண்டுகளில் ஈரம் முழுக்க வற்றிப் படிகமாகிவிட்டால் அடி, உராய்வு, சூடு எதற்கும் வெடிக்கக்கூடியதாகிவிடுகிறது. உலோகத்தோடு சேர்ந்து அது உண்டாக்கும் பிக்ரேட் உப்புகள் இன்னும் மோசம். தகர டப்பாவின் மூடி விளிம்பிலோ, குப்பியின் மரையிலோ அந்தப் படிகம் உட்கார்ந்திருந்தால், மூடியைத் திருகும்போது ஏற்படும் உராய்வே போதும்.

மஞ்சளாக இருப்பதெல்லாம் பிக்ரிக் அமிலம் அல்ல. அயடோஃபார்ம் என்ற கிருமிநாசினி ஏற்றிய காஸும் மஞ்சள்தான். அதற்கு மூக்கைத் துளைக்கும் மருத்துவமனை வாசனை உண்டு. அக்ரிஃப்ளேவின் ஆரஞ்சு கலந்த மஞ்சள். மலேரியாவுக்கான அட்டாபிரின் மாத்திரைகளும் பளிச்சென்ற மஞ்சள். டானிக் அமில ஜெல்லியும் தீக்காயத்துக்கு வந்ததுதான், ஆனால் அது பழுப்பு நிறம். ஆகவே நிறத்தை வைத்து முடிவு கட்டாமல், டப்பாவைத் தொடாமல் லேபிளைப் படியுங்கள். ‘பிக்ரிக்’, ‘பிக்ரேட்’, ‘ட்ரைநைட்ரோஃபீனால்’ என்ற சொற்களில் எது இருந்தாலும் அதுதான். லேபிள் அழிந்துபோயிருந்தாலும் அதுவென்றே வைத்துக்கொள்ளுங்கள். தள்ளி நின்று ஒரு படம் எடுத்து, தீயணைப்புத் துறைக்கோ காவல்துறைக்கோ தொலைபேசியில் சொல்லுங்கள். ‘பழைய தீக்காயத் துணி, பிக்ரிக் அமிலம் இருக்கலாம், உலோக டப்பா, காய்ந்திருக்கலாம்’ என்று இத்தனையும் சொன்னால் யாரை அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். பல நாடுகளில் வெடிகுண்டு அகற்றும் குழுவே வந்து எடுத்துப்போகும். நீங்களே தண்ணீர் ஊற்றி நனைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஊற்றுவதற்கு மூடியைத் திறந்தாக வேண்டும், திறப்பதுதான் ஆபத்து. டப்பா போய்விடுமே என்று வருத்தமாக இருக்கும், புரிகிறது. ஆனால் அது சேகரிப்பில் வைத்துக்கொள்ளத் தக்க பொருள் அல்ல.

அடுத்தது மார்பின் குழாய்கள். இவை சிரெட் எனப்படுபவை. அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனம் தயாரித்தவை. பற்பசைக் குழாயின் சிறு வடிவம் போன்ற மெல்லிய உலோகக் குழாய், முனையில் ஊசி, ஊசிக்குள் வளையத் தலையுள்ள ஒரு கம்பி. கம்பியை அழுத்தி உள்சீலை உடைத்து, கம்பியை உருவிப் போட்டுவிட்டு, ஊசியைக் குத்திக் குழாயைப் பிதுக்குவார்கள். காலிக் குழாயைக் காயம்பட்டவரின் காலரில் குத்திவிடுவது வழக்கம். ஏற்கெனவே ஒரு டோஸ் போயிருக்கிறது என்று அடுத்துப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டுமே. ஒரு குழாயில் அரை கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 32 மில்லிகிராம் மார்பின் டார்ட்ரேட். சாதாரண டோஸைப் போல மூன்று மடங்கு அது.

எண்பது ஆண்டு கழிந்த மார்பினில் என்ன இருக்கப்போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கரைசல் பழுப்பேறியிருக்கலாம், பாதி கசிந்தும் போயிருக்கலாம். ஆனால் சட்டம் பொருளின் வயதைப் பார்ப்பதில்லை. மார்பின் 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதை மருந்து உடன்படிக்கையின் கீழ் வருகிறது. உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றமாகலாம். தபாலில் அனுப்பினால் கடத்தல் வழக்காகவும் ஆகலாம். விமானிகளின் உயிர்காப்புப் பைகளில் வரும் பென்செட்ரின் மாத்திரைகளும், ஜெர்மானியர்களின் பெர்விட்டின் குழாய்களும் 1971-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அடங்கும். முன்னது ஆம்ஃபெட்டமின், பின்னது மெத்தாம்ஃபெட்டமின். முதல் உலகப் போர்க்கால மருந்துப் பெட்டிகளில் அபின், கோடீன், கண்ணுக்கான கோகைன் வில்லைகள்கூட இருக்கும். சின்னஞ்சிறு குழாய்களில் பத்து இருபது மாத்திரை என்று இருந்தால் ஒவ்வொரு லேபிளையும் நிதானமாகப் படியுங்கள்.

என்ன செய்யலாம்? குழாயையும் அதன் அட்டைப் பெட்டியையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, லேபிளில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொண்டு, நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை எழுத்து மூலம் அணுகுங்கள். குழாய்களை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். காலி அட்டைப் பெட்டியையும் துண்டுச்சீட்டையும் திருப்பித் தரக் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். நீங்களே பிதுக்கிக் காலி செய்ய வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் மிச்சமும் சட்டப்படி மருந்துதான். துருப்பிடித்த ஊசி கையில் ஏறினால் அது தனித் தொல்லை. போர்க்களத்தில் பயன்பட்டுக் காலியானவை, அதிகாரிகள் முறைப்படி காலி செய்து சான்று தந்தவை என்று சந்தையில் கிடைக்கின்றன. காட்சிக்கு அவை போதும். அவற்றின் ஊசி முனையிலும் ஒரு துண்டு பாலித்தீன் குழாயைச் செருகி வையுங்கள்.

கண்ணாடிக் குப்பிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். என்னென்ன என்று நீங்கள் எழுதவில்லை. பழுப்புக் குப்பியில் 100 சிறிய வெள்ளை மாத்திரைகள் என்றால் அது பெரும்பாலும் ஹாலஜோன், குடிநீரைச் சுத்தம் செய்யக் குளோரின் தரும் மாத்திரை. பெரிய ஆபத்தில்லை, ஆனால் கசியும் குளோரின் பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும். அயோடின் ஆம்பூலும் (மூடி உருக்கிய சிறு கண்ணாடிக் குழாய்) அயோடின் பஞ்சுக்குச்சியும் அதைவிட மோசமான அண்டைவீட்டார். அந்த ஆவி பாலித்தீன் பையைக்கூட ஊடுருவி வெளியே வந்து துணியைப் பழுப்பாக்கும், டின்னை அரிக்கும். அவற்றைக் கண்ணாடி ஜாடியில், டெஃப்லான் உள்வட்டு வைத்த மூடியால் மூடித் தனியாக வையுங்கள்.

பாதரசப் பொருள்களை நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மெர்குரிக் குளோரைடு மாத்திரைகளை மற்ற மாத்திரையோடு யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே நீல நிறத்திலும் விநோத வடிவத்திலும் செய்தார்கள். ஒன்றை விழுங்கினாலும் உயிர் போகும். முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் கட்டுத்துணியில் நீலமோ இளம் ஊதாவோ தெரிந்தால் அது பாதரச உப்பு ஏற்றிய காஸ். சாயம் போட்டதே அடையாளத்துக்காகத்தான். குளோரோஃபார்ம் ஒளியும் காற்றும் பட்டுப் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறக்கூடும். ஈத்தர் டின்னில் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெராக்சைடு உருவாகி வெடிக்கும் நிலைக்கு வரும். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிந்தால் பிக்ரிக் டப்பாவுக்குச் சொன்ன அத்தனையும் இதற்கும் பொருந்தும். துணி சுற்றிய மெல்லிய கண்ணாடிக் குச்சிகள் மயக்கம் தெளிவிக்கும் அம்மோனியா. விரலால் அழுத்தினாலே உடையும்படி செய்யப்பட்டவை, அழுத்தாமல் வைத்தால் சரி.

இனி டின். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது கார்லைல் மாதிரிப் பொட்டலம். பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் பாரக்ஸில் இருந்த ராணுவ மருத்துவக் களப்பள்ளியில் உருவானதால் அந்தப் பெயர். உள்ளே ஒரு பஞ்சணை, அதோடு தைத்த கட்டுத்துணி நாடாக்கள். போரின் தொடக்க ஆண்டுகளில் காயத்தில் தூவ 5 கிராம் சல்ஃபனிலமைடு (சல்ஃபா வகைக் கிருமித்தடுப்பு மருந்து) தூள் பொட்டலமும் சேர்ந்தது. அப்படி இருந்தால் டின்னின் மேலேயே எழுதியிருக்கும். பஞ்சணையின் பின்பக்கம் சிவப்புச் சாயம் போட்டிருப்பார்கள். சிவப்பு வெளியே, மறுபக்கம் காயத்தில் என்பதற்காக. பதற்றத்தில் இருக்கும் ஒருவன் அரையிருட்டிலும் தவறு செய்யாமலிருக்க எடுத்துக்கொண்ட அந்த அக்கறைதான் இந்தப் பொருள்கள் மீது எனக்கு இத்தனை மதிப்பு வரக் காரணம்.

திறக்கலாமா என்றால், திறக்காதீர்கள். இழுவளையத்தை இழுத்தால் ஒரு பட்டை கிழிந்து டின் இரண்டாகும். மறுபடி ஒட்ட வழியே இல்லை. உள்ளே இருப்பது என்ன என்பது ஏற்கெனவே தெரியும். திறப்பதால் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. எண்பது ஆண்டு காற்றுப் படாதிருந்த பஞ்சு மட்டும் மஞ்சளாகத் தொடங்கும். உள்ளே பார்க்கும் ஆவல் தீரவில்லையென்றால், ஏற்கெனவே திறந்த ஒரு டின்னைத் தனியாக வாங்குங்கள். சீல் உடைந்தவை சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. பக்கத்தில் பக்கமாக வைத்தால் காட்சிக்கும் அதுவே அழகு. ஒன்று உறுதி: இவற்றில் எதையும் உண்மையான காயத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. சீல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே கிருமி இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது. சல்ஃபா தூளைக் காயத்தில் தூவும் வழக்கத்தையே மருத்துவம் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

இந்த டின்களின் வகை வேறுபாடு கவனிக்கத் தக்கது. முதலில் பித்தளை. பித்தளை தோட்டா உறைகளுக்குத் தேவைப்பட்டபோது எஃகுத் தகடு வந்தது. பிறகு டின்னே இல்லாமல் மெழுகும் உலோகத்தாளும் ஒட்டிய காகித உறைகள் வந்தன. ஆரஞ்சு கலந்த சிவப்பு, ராணுவப் பச்சை இரண்டு நிறமும் உண்டு. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் எஃகா பித்தளையா என்று கீறாமலே தெரியும். பச்சைக்கு அடியில் இன்னொரு நிறம் எட்டிப்பார்த்தால் உடனே போலி என்று முடிவு செய்யாதீர்கள், அதே சமயம் அண்மையில் யாராவது பூசினார்களா என்றும் பாருங்கள். அசல் பூச்சில் அச்செழுத்து பெயின்ட்டின் மேல் இருக்கும்; பின்னால் பூசியதில் எழுத்தின் பள்ளங்களில் பெயின்ட் தேங்கி நிற்கும்.

அசலா, எந்தக் காலத்தது என்ற கேள்விக்கு வருகிறேன். அப்பட்டமான போலியைவிட அதிகம் ஏமாற்றுவது, போருக்குப் பிந்தைய அசல் பொருளைப் போர்க்காலத்தது என்று விற்பதுதான். கொரியா, வியட்நாம் போர்க்காலப் பச்சைப் பெட்டிகள் பார்வைக்கு அப்படியே இருக்கும். எண்கள்தான் காட்டிக்கொடுக்கும். அமெரிக்க மருத்துவத் துறையின் போர்க்காலச் சரக்கு எண் முதலில் ஐந்து இலக்கம், போரின் பிற்பகுதியில் ஏழு இலக்கம். 6510, 6545, 6505 என்று தொடங்கி நான்கு, மூன்று, நான்கு எனப் பிரித்த பதினோரு இலக்க எண் இருந்தால் அது போருக்குப் பிந்தைய கூட்டரசுச் சரக்கு எண். 6510 கட்டுத்துணி வகை, 6545 மருத்துவப் பெட்டித் தொகுப்பு, 6505 மருந்து. அமெரிக்கப் பொருளில் நடுவில் இரண்டு இலக்கம் கூடிப் பதின்மூன்று ஆனால் அது 1974-க்குப் பிந்தையது. கூடுதலாக வரும் அந்த இரண்டும் நாட்டுக் குறியீடு: 00, 01 அமெரிக்கா, 12 ஜெர்மனி, 99 பிரிட்டன், 21 கனடா. ‘ஜெர்மன் போர்க்காலக் கட்டு’ என்று விற்கப்படும் பொட்டலத்தில் 6510-12 என்று பார்த்தால் அது 1955-இல் தொடங்கிய மேற்கு ஜெர்மன் ராணுவமான புண்டஸ்வேரின் சரக்கு. ஒப்பந்த எண் ‘டி.எஸ்.ஏ.’ (அமெரிக்கப் பாதுகாப்பு வழங்கல் முகமையின் சுருக்கம்) என்று தொடங்கினால் 1960-களுக்கு முன் போக முடியாது.

முகவரியும் சாட்சி சொல்லும். அமெரிக்க நகரப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்க எண் இருந்தால் அது 1943 முதல் 1963 வரை புழங்கிய அஞ்சல் மண்டல எண். ஐந்து இலக்கம் இருந்தால் 1963-க்குப் பிந்தையது. எண்ணே இல்லையென்றால் 1943-க்கு முந்தையதாக இருக்கலாம், ஆனால் அது உறுதியில்லை. பழைய அச்சுப் பலகையையே தொடர்ந்து பயன்படுத்திய நிறுவனங்கள் உண்டு. கார்லைல் பொட்டலங்களில் நியூ ஜெர்சி நியூ பிரன்ஸ்விக்கின் ஜான்சன் அண்ட் ஜான்சன், சிகாகோவின் பாவர் அண்ட் பிளாக் (Bauer & Black) என்ற பெயர்களை அடிக்கடி பார்ப்பீர்கள்.

கேன்வாஸ் உறையின் உள்மடிப்பில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் முத்திரையாக இருக்க வேண்டும். 1910 மாதிரியில் இரண்டு பொத்தான். 1924, 1942 மாதிரிகளில் ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கழலும் ஒற்றைப் பொத்தான். நிறம் முதலில் வெளிறிய காக்கி கலந்த பச்சை, 1943 வாக்கில் அடர்பச்சைக்கு மாறியது. இரண்டு நிறத் துணியும் கலந்து தைத்த பைகள் உண்டு, அவை மாறுதல் காலத்தவை, சந்தேகப்பட வேண்டாம்.

உங்கள் பிரிட்டிஷ் பொட்டலங்கள் ‘ஃபர்ஸ்ட் ஃபீல்ட் டிரெஸ்ஸிங்’ ஆக இருக்கும். காக்கித் துணி வெளியுறை, அதில் உபயோகிக்கும் முறை அச்சிட்டிருக்கும். உள்ளே நீர்புகா உறையில் இரண்டு கட்டுகள், ஊக்குகள். 1937 மாதிரி போர் உடையின் கால்சட்டையில் இதற்கென்றே முன்பக்கம் ஒரு சிறு பை தைத்திருப்பார்கள். தயாரிப்பாளர் பெயரும் மாதமும் ஆண்டும் பெரும்பாலும் உறையிலேயே இருக்கும். அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதன் அடையாளம். அம்பு ‘சி’ எழுத்துக்குள் இருந்தால் கனடா, இரண்டு ‘டி’க்களுக்கு நடுவில் இருந்தால் ஆஸ்திரேலியா, ‘ஐ’ எழுத்தோடு வந்தால் இந்தியத் தயாரிப்பு. முதல் உலகப் போர்க்காலப் பொட்டலங்கள் சிலவற்றில் கண்ணாடி அயோடின் ஆம்பூல் உண்டு. பழுப்புக் கறை தெரிந்தால் அழுத்திப் பார்க்க வேண்டாம். புதிதாகச் சேர்ப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. ஏராளமாகத் தயாரானவை, தேதி தெளிவானவை, போலி செய்வதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. ஜெர்மன் பொருள்களில் போலி மிக அதிகம். ரப்பர் பூசிய சாம்பல் பச்சைத் துணியில் நூல் கட்டிய அவர்களுடைய கட்டுப் பொட்டலங்களை வாங்குமுன் பத்து அசலையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கருவி என்று இரண்டு போதும். ஒன்று பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ். பழைய அச்செழுத்தில் மை ஓரத்துக்குத் தள்ளப்பட்டு விளிம்பு சற்றுத் தடித்திருக்கும், காகிதத்தின் பின்புறம் அழுத்தம் தெரியும். ஒரே நிற எழுத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது கணினி அச்சு. மற்றது 365 நானோமீட்டர் புறஊதா டார்ச். மலிவாகக் கிடைக்கும் 395 வேண்டாம். அதன் ஊதா வெளிச்சமே பார்வையைக் குழப்பும். கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, இருட்டறையில் பாருங்கள். 1950-களிலிருந்து துணியிலும் காகிதத்திலும் பரவலான வெண்மையூட்டி ரசாயனம் நீலவெள்ளையாகப் பளீரிடும். போர்க்காலப் பருத்தியும் காகிதமும் மங்கலாகவே இருக்கும். ஆனால் அசல் பையையே யாராவது சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் பளீரிடும். ஆகவே தையல் நூலைத் தனியே பாருங்கள், மடிப்பின் உட்புறத்தைப் பாருங்கள், அதன்பின் முடிவுக்கு வாருங்கள்.

இதிலிருந்தே துவைக்கலாமா என்பதற்கும் பதில் கிடைத்துவிடுகிறது. துவைத்தால் முத்திரை மை கரையும், கேன்வாஸ் சுருங்கிப் பொத்தான் துளையை இழுக்கும், சாயம் திட்டுத்திட்டாகப் போகும், இத்தனைக்கும் மேல் மேற்சொன்ன சோதனையே செல்லாததாகிவிடும். வாக்குவம் கிளீனரின் வாயில் நைலான் வலையைக் கட்டி, மிகக் குறைந்த இழுப்பில், மென்மையான தூரிகையால் தூசியைத் தள்ளி எடுங்கள். அதற்குப் பிறகும் இருக்கும் கறை இருக்கட்டும். பூஞ்சை வாசனை இருந்தால் முதலில் பிளாஸ்டிக் பையில் தனிமைப்படுத்தி, முகக்கவசத்தோடு காற்றோட்டமான இடத்தில் நிழலில் உலர்த்தி, பிறகு துலக்குங்கள். பூச்சி இருந்தால் பையில் இட்டுக் காற்றை வெளியேற்றி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின்னும் ஒரு நாள் பையைத் திறக்காமல் விடுங்கள். உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் துணியில் படியும். ஆம்பூலோ திரவக் குப்பியோ உள்ள எதையும் உறைய வைக்காதீர்கள், கண்ணாடி வெடிக்கும்.

உலோகத்தைப் பளபளப்பாக்க வேண்டாம். எஃகு நாரால் ஒரு தேய் தேய்த்தால் அச்செழுத்து போய்விடும். அச்சில்லாத வெறும் உலோகப் பகுதிக்கு மட்டும் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகத் தடவலாம். பித்தளையும் தோலும் தொடும் இடங்களில் பச்சைக் களிம்பு கட்டியிருக்கும். தோலிலுள்ள கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டாவது அது. மரப்பல்குச்சியால் எடுத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் பாலியெஸ்டர் தாள் ஒரு துண்டு செருகுங்கள், இல்லையென்றால் மறுபடி வரும்.

ரப்பர் கட்டுப்பட்டையை இன்றே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். பழைய ரப்பர் வெளிவிடும் கந்தகச் சேர்மங்கள் பித்தளையைக் கறுப்பாக்கும். ஒட்டும் நிலைக்கு வந்த ரப்பர் காகிதத்தில் பிடித்துக்கொண்டால் இரண்டும் போகும். இழுத்துப் பார்க்காதீர்கள், மடிக்காதீர்கள். சிலிகான் பூசிய காகிதத்தின் மேல் இயல்பான வளைவில் படுக்கவைத்து, இருட்டில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ரப்பரின் சிதைவை நிறுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். ஆகவே இன்றைக்கே நன்றாகப் படம் எடுத்துவிடுங்கள்.

மற்றவற்றுக்கு அமிலமற்ற அட்டைப் பெட்டி, அமிலமற்ற மெல்லிய தாள், பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் பை. பி.வி.சி. உறை கூடாது, அது நாளடைவில் பிசுபிசுத்து அமில ஆவி விடும். ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால், துணி, காகிதம், உலோகம் மூன்றும் கலந்த பெட்டிக்கு அது நல்ல சமரசம். வெறும் உலோகத்துக்கு 40-க்குக் கீழே நல்லது, ஆனால் அந்த வறட்சி பழைய பசையையும் தோலையும் விறைக்கச் செய்யும். அளவு ஒரே நாளில் ஏறி இறங்குவது, சற்று அதிகமாகவே நிலையாக இருப்பதைவிடக் கெடுதல். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் 120 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். பெட்டிக்குள் ஒரு சிறு ஈரப்பதமானி வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள்.

சேகரிப்பாளர்களிடம் நான் அதிகம் வருந்தும் பழக்கம் ஒன்று உண்டு. பாதி காலியான பெட்டியை வாங்கி, வேறு வேறு இடங்களிலிருந்து சாமான் தேடி நிரப்பி, ‘முழுமையான தொகுப்பு’ என்று விற்கிறார்கள். அமெரிக்க வாகன முதலுதவிப் பெட்டிகளில், அதாவது 12 அலகு, 24 அலகு என்று சிறு அட்டைப் பெட்டிகள் அடுக்கிய உலோகப் பெட்டிகளில், இது மிக அதிகம். நிரப்புவது தவறில்லை. எது பெட்டியோடு வந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று எழுதி வைக்காததுதான் தவறு. ஒரு பெட்டியில் என்ன மிச்சமிருந்தது, எது பயன்பட்டது என்பதே வரலாறுதான். கட்டுத்துணி தீர்ந்து கண் மருந்து தொடாமல் இருந்தால் அந்தப் பெட்டி பார்த்த போரைப் பற்றி அது ஏதோ சொல்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், வாங்கிய நாள், யாரிடமிருந்து, அளவு, எடை, எல்லா எழுத்தும், நிலைமை என்று எழுதுங்கள். எண்ணைப் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சீல் வைத்த டின்னை ஆண்டுக்கு ஒருமுறை துல்லியத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை கூடினால் சீல் கசிந்து ஈரம் உள்ளே போகிறது என்று பொருள்.

மேலும் வாங்கப் போகிறீர்கள் என்பதால் இரண்டு பொருள்கள். உலர் பிளாஸ்மா தொகுப்பு: ஒரு டின்னில் உலர்ந்த பிளாஸ்மா புட்டி, மற்றதில் வடிநீர்ப் புட்டி, குழாய், ஊசிகள். பலர் தந்த ரத்தத்தைக் கலந்து செய்தது அது; கல்லீரல் அழற்சி அதன் வழியாகப் பரவியதை மருத்துவர்கள் அப்போதே கண்டார்கள். டின் மூடியே இருக்கட்டும், புட்டி விரிசல் விட்டிருந்தால் வாங்காதீர்கள். நச்சுவாயு முகமூடிகளும் மருத்துவச் சாமானோடு சேர்த்தே விற்கப்படும். அக்கால வடிகட்டிகள் பலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறது. முகத்தில் மாட்டிப் பார்க்கவே கூடாது, இரட்டைப் பையில் சீல் செய்து வைக்க வேண்டும். செஞ்சிலுவை பொறித்த பைகளை வைத்திருக்கலாம், காட்சிக்கும் வைக்கலாம். ஆனால் அந்தச் சின்னத்தை உங்கள் அறிவிப்புப் பலகையிலோ விற்பனை அட்டையிலோ போடாதீர்கள். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை அதைத் தடுக்கிறது.

விற்பவரிடம் பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை: பின்புறம், அடிப்புறம், மூடியின் உட்புறம் மூன்றின் படம், எண் தெளிவாகத் தெரியும் நெருக்கப் படம், உள்ளே திரவமோ மாத்திரையோ இருக்கிறதா என்பதற்கு எழுத்தில் பதில், சிரெட் என்றால் காலியானதற்கான சான்று. மஞ்சள் துணி, மஞ்சள் தூள் எதுவும் படத்தில் தெரிந்தால் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலே சொன்ன காரணத்தை அவருக்கும் சொல்லுங்கள். உங்கள் லாட்டைப் பொறுத்தவரை இன்று செய்ய வேண்டியது அந்த டப்பாவைப் பற்றிய தொலைபேசி அழைப்பு. நாளை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கடிதம். குப்பிகளின் லேபிள் படங்களை அனுப்பினால், ஒவ்வொன்றையும் எப்படி வைப்பது என்று தனியாக எழுதுகிறேன்.